கொட்டகைக்கு இணையம்: கேமராவுக்கு இழுத்த ஒயரை முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் கேள்விப் பகுதியில், கொல்லைப்புறக் கட்டடத்தில் வைஃபை எட்டவில்லை, என்ன செய்யலாம் என்று ஒருவர் கேட்டிருந்தார். எக்ஸ்டெண்டர் வாங்கி மாட்டுங்கள், சரிவராவிட்டால் அங்கே தனி இணைப்பு எடுங்கள் என்று பதில் வந்திருந்தது. இரண்டும் கடைசியாக யோசிக்க வேண்டியவை. கடலூரில் செம்மண்டலம், நெல்லிக்குப்பம் பக்கமானாலும், புதுச்சேரியில் பாகூர், வில்லியனூர் பக்கமானாலும், மனை நீளமாக உள்ள வீடுகளில் பின்னால் ஒரு மோட்டார் கொட்டகையோ, மாட்டுக் கொட்டகையோ, பிள்ளைகள் படிக்கவென்று கட்டிய தனி அறையோ இருக்கும். திருட்டுப் பயத்தில் அதன் வாசலில் ஒரு கேமராவும் மாட்டியிருப்பார்கள். வீட்டுக்குள்ளிருந்து அந்தக் கேமராவுக்குப் போகும் கேபிள் சரியான ரகமாக இருந்தால், இணையத்தையும் சேர்த்து அதுவே சுமக்கும். அதை எப்படிச் சோதிப்பது, எங்கே சறுக்கும், எப்போது அதைத் தொடவே கூடாது என்பதை இந்த வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்டெண்டர் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. தனக்கு வந்து சேர்ந்த சிக்னலைத்தான் திரும்ப அனுப்புகிறது. கொட்டகைக்குள் வைத்தால் வந்து சேர்வதே அரைகுறை. வீட்டுக்குள் வைத்தால் கொட்டகையை எட்டாது. நடுவில் வைக்கலாம் என்றால் நடுவில் இருப்பது தென்னையும் துவைக்கிற கல்லும். பிளக் பாயின்ட் கிடையாது. போதாததற்கு, ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் திருப்பி விடும் சாதனத்தில் வேகம் பாதியாகிவிடும். தகரக் கூரை, தகரக் கதவு என்றால் உள்ளே நுழைவதே சிரமம். கேபிளுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

முதல் வேலை, கேமராவின் பின்னால் இருக்கும் முனையைப் பார்ப்பது. வட்டமாகத் திருகி மாட்டும் பிஎன்சி முனையும் பக்கத்தில் தனியாக ஒரு பவர் முனையும் இருந்தால் அது அனலாக் கேமரா. கடையில் ‘3+1’ என்று கேட்டு வாங்கும் கேபிள் போட்டிருப்பார்கள். அதில் ரூட்டரை நேரடியாக இணைக்க முடியாது. கோஆக்ஸ் எனப்படும் அந்தக் கேபிள் வழியாக நெட்வொர்க்கை அனுப்ப இரு முனையிலும் மாட்டும் ஜோடிப் பெட்டிகள் இருக்கின்றன. ஆனால் கொட்டகை பக்கத்திலேயே இருந்தால் அதற்குச் செலவழிப்பதை விடப் புதுக் கேபிள் இழுப்பதே மேல். பழைய லேண்ட்லைன் தொலைபேசி ஒயரும் உதவாது. அதில் இரண்டே கம்பி. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) இணைப்புக்கே நான்கு கம்பி வேண்டும், 1,000-க்கு எட்டும் வேண்டும். தொலைபேசி பிளக்கைப் போலவே, ஆனால் அதை விட அகலமாக, எட்டுத் தகடுகளுடன் இருக்கும் ஆர்ஜே45 முனையைக் கண்டால்தான் மேற்கொண்டு படிக்க வேண்டும்.

கேபிளின் மேலுறையில் சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பதை டார்ச் அடித்துப் படியுங்கள். ‘கேட் 5இ’ அல்லது ‘கேட் 6’ என்று இருக்க வேண்டும். அதே வரியில் மீட்டர் எண்ணும் ஓடிக்கொண்டே வரும். வீட்டு முனையில் 212 என்றும் கொட்டகை முனையில் 158 என்றும் இருந்தால் கேபிளின் நீளம் 54 மீட்டர். தோண்டாமலே அளவு தெரிந்துவிடும். நடுவில் எங்காவது ஒட்டுப் போட்டு வேறு கேபிளைச் சேர்த்திருந்தால் இரண்டு முனையின் அச்சும் பொருந்தாது. அதுவும் இதிலேயே தெரியும். இரு முனையிலும் மாட்டும் சிறு ஒயர்கள் உட்பட மொத்தம் 100 மீட்டர் என்பது எல்லை. 110, 120 மீட்டரில்கூட ஓடுகிறதே என்பார்கள். ஓடும், மழை நாளில் நிற்கும்.

அடுத்து, கம்பி செம்புதானா என்று பார்க்க வேண்டும். கேமரா வேலைக்கென்று மலிவாக விற்கும் கேபிள்களில் அலுமினியக் கம்பிக்கு மேல் செம்புப் பூச்சு பூசியது நிறைய. முனையில் ஒரு கம்பியைப் பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். நாலைந்து முறை இப்படியும் அப்படியும் மடக்கினால் ஒடிந்தும் விடும். இப்படிப்பட்ட கேபிள் குறைந்த தூரத்துக்கு டேட்டாவைக் கொண்டுபோகும். மின்சாரத்தையும் அதிலேயே அனுப்பப் பார்த்தால்தான் கஷ்டம். அலுமினியத்தின் கடத்துத்திறன் செம்பில் ஏறத்தாழ 61 விழுக்காடுதான். கிரிம்ப் செய்த, அதாவது பிளக்கில் நசுக்கிப் பதித்த இடத்தில் உப்புக்காற்று பட்டால் அது அரித்துப்போவதும் சீக்கிரம் நடக்கும். தேவனாம்பட்டினம், முதுநகர் போலக் கடலை ஒட்டிய தெருக்களில் இந்த ரகக் கேபிளை நம்பி ஒரு ரூபாய்கூட மேலே செலவு செய்ய வேண்டாம்.

கேபிள் நல்லதென்றால் இரு முனை பிளக்குகளையும் பாருங்கள். இங்கேதான் பாதிக் கோளாறு ஒளிந்திருக்கிறது. கேமராவுக்கு 100 எம்பிபிஎஸ் போதும் என்பதால் ஆரஞ்சு, பச்சை ஜோடிகளை மட்டும் பிளக்கில் ஏற்றிவிட்டு, நீலம், பழுப்பு ஜோடிகளைப் பிரித்து எடுத்து அதில் 12 வோல்ட் அனுப்பும் வழக்கம் உண்டு. இது தெரியாமல் எட்டுக் கம்பியையும் ஒன்றாக பிளக்கில் ஏற்றி நெட்வொர்க் ஸ்விட்சில் (ஒரு கேபிளின் இணைப்பைப் பல சாதனங்களுக்குப் பகிர்ந்து தரும் பெட்டி) சொருகினால், அந்த 12 வோல்ட் நேராக ஸ்விட்சுக்குள் போகும். ஆகவே முதலில் அடாப்டரைக் கழற்றுங்கள், அப்புறம் கத்தரிக்கோலை எடுங்கள். அந்த 12 வோல்ட் முறையே கேமராவுக்கும் நல்லதல்ல. 60 மீட்டர் கேட் 5இ செம்புக் கேபிளில் ஒரு கம்பியின் மின்தடை ஏறத்தாழ 5 ஓம். இரண்டு கம்பியைச் சேர்த்து அனுப்பி, இரண்டு கம்பியைச் சேர்த்துத் திரும்பினாலும் மொத்தம் 5 ஓம்தான் நிற்கும். இரவில் விளக்கு எரியும்போது கேமரா அரை ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே இரண்டரை வோல்ட் காலி. மிச்சம் 9.5 வோல்ட்டில் கேமரா திணறும். பகலில் நன்றாக ஓடி இருட்டியதும் அணைந்து அணைந்து எரியும் கேமராக்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கேமராவை மாற்றிப் பயனில்லை.

இரண்டு பக்கமும் புது பிளக் போடுங்கள். பிளக்கின் கொக்கி கீழே இருக்க, தகடுகள் மேலே தெரிய, இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. டி568பி என்பது இதன் பெயர். ஆரஞ்சு இரண்டு, பச்சை இரண்டு, நீலம் இரண்டு என்று ஜோடி ஜோடியாக வரிசையாக அடுக்குவதுதான் கைக்குச் சுலபம். இரு முனையிலும் ஒரே மாதிரி இருந்தால் போதாதா என்றும் தோன்றும். போதாது. மூன்றாவது, ஆறாவது இடங்கள் ஒரே முறுக்கில் வரும் ஜோடியாக இருக்க வேண்டும். ஜோடி பிரிந்துவிட்டால் ஒரு சிக்னல் இன்னொன்றில் கலக்கும். பத்து மீட்டரில் தெரியாது, ஐம்பது மீட்டரில் வேகம் படுத்துவிடும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எட்டு விளக்கு டெஸ்டர் இந்தக் கோளாறைக் காட்டாது. ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் அழகாக வரிசையில் எரியும். அதைக் காட்டி ‘கேபிள் ஓகே’ என்று யார் சொன்னாலும், பிளக்கைக் கையில் வாங்கி நிறத்தைக் கண்ணால் பாருங்கள்.

முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். மேலுறை பிளக்குக்குள் நுழைந்து, அதன் பிடிக்குள் நசுங்கி நிற்க வேண்டும். வெறும் கம்பிகள் மட்டும் பிளக்கில் தொங்கினால் ஆறு மாதத்தில் பிய்ந்துவிடும். கேட் 6 கம்பி தடிமன் என்பதால் கேட் 6 பிளக்கே வாங்குங்கள். இதற்கெல்லாம் மேலான வழி, சுவரில் ஒரு சிறு பெட்டி வைத்து அதில் நெட்வொர்க் சாக்கெட்டில் கேபிளைப் பதித்துவிட்டு, அங்கிருந்து ரெடிமேட் ஒயர் போடுவது. பதித்த கேபிளை அப்புறம் யாரும் இழுக்க மாட்டார்கள்.

இனிச் சோதனை. ஒரு முனையை ரூட்டரின் லேன் போர்ட்டிலும் (வீட்டுச் சாதனங்களுக்கான துளை, பெரும்பாலும் மஞ்சள் நிறம்) மறு முனையை ஒரு லேப்டாப்பிலும் மாட்டி, நெட்வொர்க் அமைப்பில் ‘லிங்க் ஸ்பீடு’ என்ன என்று பாருங்கள். 1,000 என்றால் எட்டுக் கம்பியும் சேர்ந்திருக்கின்றன. 100 என்றால் நீலத்திலோ பழுப்பிலோ ஒன்று அறுந்திருக்கலாம், அல்லது ரூட்டரின் அந்த போர்ட்டே 100-தான் தரும். ஃபைபர் நிறுவனங்கள் கொடுக்கும் பெட்டிகள் சிலவற்றில் ஒரே ஒரு போர்ட் மட்டும் 1,000, மற்றவை 100. போர்ட்டை மாற்றிப் பார்த்துவிட்டுக் கேபிளைத் திட்டுங்கள். 100 எம்பிபிஎஸ் லிங்க்கில் ஸ்பீடு டெஸ்ட் 94 வரைதான் காட்டும். அது கோளாறு இல்லை. 10 என்று காட்டினால், விட்டு விட்டு வந்தால், மறுபடி பிளக் போடுங்கள். சில சாதனங்கள் ஒரு ஜோடி அறுந்த கேபிளில் 100-க்கு இறங்கி வராமல், லிங்க்கே இல்லை என்று நிற்கும். அப்போது லேப்டாப்பில் வேகத்தைக் கையால் 100 என்று நிறுத்திப் பார்த்தால் குட்டு வெளிப்படும். லிங்க் வந்தாலும் நம்பிவிடாமல் ரூட்டருக்குத் தொடர்ந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்க அனுப்பும் சோதனைச் செய்தி) போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் போர் மோட்டாரை ஒருமுறை போட்டு நிறுத்துங்கள். ஒரு பாக்கெட்கூட, அதாவது ஒரு செய்திகூட, தவறக்கூடாது.

இப்போது சிக்கலான பகுதி. கேபிளின் வீட்டு முனை பெரும்பாலும் ரூட்டருக்குப் போவதில்லை. கேமரா பதிவுப் பெட்டியான என்விஆரின் முதுகில் நேராகச் சொருகியிருக்கும். மின்சாரத்தையும் சேர்த்துத் தரும் போர்ட்டுகள் கொண்ட என்விஆர் என்றால், அந்தப் போர்ட்டுகள் உள்ளுக்குள் தனி முகவரி வரிசையில் இயங்கும். கொட்டகையில் ஸ்விட்ச் போட்டு, வைஃபை பரப்பும் அக்சஸ் பாயின்ட்டை மாட்டினால் வைஃபை பெயர் தெரியும், இணையம் வராது. இதற்கு வைஃபை சாதனத்தைக் குறை சொல்லிக் கடையில் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. செய்ய வேண்டியது: கேபிளை என்விஆரிலிருந்து கழற்றி, ரூட்டரோடு சேர்ந்த ஒரு பிஓஇ ஸ்விட்சில் மாட்டுங்கள். பிஓஇ என்பது டேட்டா கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் முறை. என்விஆரின் லேன் போர்ட்டையும் அதே ஸ்விட்சில் இணையுங்கள். கேமராவுக்கு வீட்டு நெட்வொர்க்கில் ஒரு முகவரி கொடுத்து என்விஆரில் மறுபடி சேர்க்க வேண்டும். இதற்குக் கேமராவின் பாஸ்வேர்ட் வேண்டும். அது மாட்டியவரிடம் மட்டும்தான் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேமராக் கடைகளில் கிடைக்கும் சிறு பிஓஇ ஸ்விட்சுகளின் பக்கவாட்டில் ஒரு குட்டி நகர்த்துக் குமிழ் இருக்கும். ‘எக்ஸ்டெண்ட்’ பக்கம் தள்ளினால் 250 மீட்டர் போகும் என்று எழுதியிருக்கும். போகும்தான், ஆனால் 10 எம்பிபிஎஸ் வேகத்தில். ஒரு கேமராவுக்கு அது போதும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. இணையம் 9 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவே இல்லை என்ற புகார் அந்தக் குமிழைத் திரும்பத் தள்ளினாலே தீர்ந்துவிடும். ‘விஎல்ஏஎன்’ என்று இன்னொரு நிலையும் இருக்கும். அதில் வைத்தால் கேமரா போர்ட்டுகள் ஒன்றையொன்று பார்க்காது, ரூட்டருக்கென்று உள்ள அப்லிங்க் போர்ட்டோடு மட்டும் பேசும். ரூட்டரை அப்லிங்க்கில் மாட்டாமல் சாதாரணப் போர்ட்டில் மாட்டினால் கொட்டகைக்கு எதுவும் போய்ச் சேராது. இன்னொரு எச்சரிக்கை: எதிர்முனையில் இருப்பது மின்சாரம் கேட்கும் சாதனமா என்று விசாரித்துவிட்டுத் தரும் ஸ்விட்சுகளும் உண்டு, விசாரிக்காமல் எப்போதும் 48 வோல்ட்டைத் திணிக்கும் மலிவு ரகமும் உண்டு. இரண்டாவதில் பழைய ரூட்டரைச் சொருகினால் அதன் போர்ட் கருகும். ‘802.3ஏஎஃப்’ அல்லது ‘ஏடி’ என்று அட்டையில் இல்லாததை வாங்க வேண்டாம். 24 வோல்ட்டில் ஓடும் அக்சஸ் பாயின்ட்டுகளும் சந்தையில் இருக்கின்றன. அவற்றுக்கு அவற்றோடு வரும், கேபிளில் மின்சாரம் ஏற்றும் இன்ஜெக்டரே வேண்டும்.

கொட்டகை முனையில் கேபிள் ஒன்று, சாதனம் இரண்டு. இதற்கு ஒரு முனை இரண்டாகப் பிரியும் ஒய் வடிவ ஸ்ப்ளிட்டரை வாங்காதீர்கள். அது ஸ்விட்ச் அல்ல. இரு முனையிலும் ஒவ்வொன்றாக ஜோடியாக மாட்டினால் எட்டுக் கம்பியை நான்கு நான்காகப் பிரித்து இரண்டு 100 எம்பிபிஎஸ் வழிகளாக்கும், அவ்வளவுதான். ஒரு முனையில் மட்டும் மாட்டினால் ஒன்று ஓடும்போது மற்றது நிற்கும். சாதாரண ஐந்து போர்ட் ஸ்விட்ச் போட்டால் இணையம் வரும், கேமரா அணைந்துவிடும். ஏனென்றால் சாதாரண ஸ்விட்ச் மின்சாரத்தைக் கடத்தாது. வழி இரண்டு. கொட்டகையில் நம்பகமான மின்சாரம் இருந்தால் அங்கேயே ஒரு சிறு பிஓஇ ஸ்விட்ச் வையுங்கள். இல்லையென்றால் பிஓஇ-யில் வாங்கிப் பிஓஇ-யாகவே பிரித்துத் தரும் பிஓஇ எக்ஸ்டெண்டர் பெட்டி (வைஃபை எக்ஸ்டெண்டர் அல்ல) போடுங்கள். இரண்டாவது வழியில் ஒரு லாபம்: கரண்ட் போகும்போது வீட்டு இன்வெர்ட்டரே கொட்டகை வைஃபையையும் கேமராவையும் ஓட்டும். ஆனால் கணக்குப் போட வேண்டும். ஏஎஃப் போர்ட் 15.4 வாட் அனுப்பும், மறு முனையில் கிடைப்பது 12.95. ஏடி போர்ட் 30 அனுப்பினால் 25.5 கிடைக்கும். அக்சஸ் பாயின்ட் 10 வாட், கேமரா இரவில் 7, பெட்டிக்கே 2 என்றால் 19 ஆகிறது, ஏஎஃப் தாங்காது. பகலெல்லாம் ஓடிவிட்டு, மாலையில் கேமராவின் இரவு விளக்கு எரிந்ததும் எல்லாமே அணைந்து மறுபடி எழுந்து மறுபடி அணையும். அப்படி நடந்தால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம், வாட்டைக் கூட்டிப் பாருங்கள்.

அலமாரியில் கிடக்கும் பழைய ரூட்டரையே அக்சஸ் பாயின்ட்டாக வைக்கலாம். கேபிளை மாட்டுவதற்கு முன் லேப்டாப்பை மட்டும் அதோடு இணைத்து இரண்டு மாற்றங்கள் செய்யுங்கள். அதன் முகவரி வீட்டு ரூட்டரின் முகவரியோடு மோதக்கூடாது; வீட்டில் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள், அந்த எண்ணை வீட்டு ரூட்டர் வேறு யாருக்கும் வழங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சாதனங்களுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியை நிறுத்துங்கள். பிறகு கேபிளை வான் போர்ட்டில் (இணையம் உள்ளே வரும் துளை) அல்ல, லேன் போர்ட்டில் மாட்டுங்கள். டிஹெச்சிபியை நிறுத்த மறந்தால் வீட்டில் முகவரி வழங்குபவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். யாரிடம் வாங்கியது என்பதைப் பொறுத்து ஒரு போனில் இணையம் வரும், பக்கத்துப் போனில் ‘இணைந்துள்ளது, இணையம் இல்லை’ என்று வரும். முதல் நாள் தெரியாது. பழைய முகவரியின் கெடு முடிந்து ஒவ்வொரு சாதனமாகப் புதிதாகக் கேட்கும்போது ஒவ்வொன்றாக விழும். ஆகவே கொட்டகையில் நேற்றுச் செய்த வேலைக்கும் இன்று கூடத்தில் நின்றுபோன டிவிக்கும் சம்பந்தம் இருப்பதாகவே யாருக்கும் தோன்றாது. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கட்டும், சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும்: 2.4 கிகாஹெர்ட்ஸில் வீட்டில் 1 என்றால் கொட்டகையில் 6 அல்லது 11. கேபிளின் இரு முனையையும் தவறி ஒரே ஸ்விட்சில் சொருகிவிட்டால் மொத்த நெட்வொர்க்கும் உறைந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்தால் நல்லது.

கேபிள் போகும் வழி. வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிளின் பிவிசி உறை வெயிலில் வெளிறி வெடித்துவிடும். வெளியே கறுப்பு பாலிஎதிலீன் உறையும், மண்ணுக்குள் ஜெல் நிரப்பிய ரகமும்தான் நிற்கும். உறையில் ஒரு அணில் பல் பட்டால் போதும், ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே இறங்கிக் கம்பியோடு கம்பியாக நகர்ந்து ஸ்விட்ச் வரை வரும். பிஓஇ ஓடும் கேபிளில் ஈரம் பட்டால் செம்பு பச்சை பூத்து அரிப்பது இன்னும் வேகம். கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் கேபிளைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றி நுழையுங்கள். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். வெட்டுப்பட்ட இடத்தில் கம்பிகளை முறுக்கி டேப் சுற்றுவது ஒட்டு அல்ல. ஜெல் கனெக்டரோ, இரண்டு பிளக்குகளை இணைக்கும் கப்ளரோ போட்டு, தண்ணீர் புகாத பெட்டிக்குள், தரைக்கு மேலே வையுங்கள். ஒரு ஒட்டுக்கு மேல் வேண்டாம். மோட்டாருக்குப் போகும் கரண்ட் ஒயரோடு ஒரே பைப்பில் இது போகக்கூடாது. சிக்னலில் இரைச்சல் கலப்பது சின்ன விஷயம். கரண்ட் ஒயரின் உறை பிய்ந்தால் 230 வோல்ட் உங்கள் மேசை வரை வரும். இணையாக ஓடும் இடத்தில் ஓரடியாவது தள்ளுங்கள், குறுக்கே கடக்க வேண்டுமென்றால் செங்கோணத்தில் கடக்கட்டும். மேலே கட்டி இழுத்ததை விடப் புதைத்ததே இந்தக் கரைக்கு ஏற்றது. 2011 டிசம்பர் 30-இல் தானே, 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் புயல் எப்படி வரும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றரை அடி ஆழம், ஒரு அங்குல பைப், எல்போ இல்லாத நீள வளைவு, உள்ளே ஒரு உதிரி நைலான் கயிறு.

இதுவரை சொன்னது, வீட்டுக்கும் கொட்டகைக்கும் ஒரே மின் இணைப்பு, ஒரே எர்த் என்றால்தான். மோட்டார் கொட்டகைக்கு விவசாய இணைப்பு தனியாக, எர்த் குழி தனியாக இருக்கும் இடங்களில் செம்புக் கேபிளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இடி இறங்கும்போதும், லைனில் நியூட்ரல் அறும்போதும் இரண்டு எர்த்துகளுக்கு இடையே பெரும் மின்னழுத்தம் உண்டாகும். அதற்கு இரண்டு கட்டடத்துக்கும் நடுவே சுலபமான பாதையாக உங்கள் நெட்வொர்க் கேபிள் கிடக்கும். ஈதர்நெட் போர்ட்டுக்குள் இருக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் 1,500 வோல்ட் வரை பிரித்து நிறுத்தும்படி செய்யப்பட்டது. மின்னல் அதைப் பொருட்படுத்தாது. பக்கத்துத் தோப்பில் விழுந்த இடிக்கே ரூட்டர், என்விஆர், டிவி என்று வரிசையாகப் போகும். இரு முனையிலும் திடீர் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் புரொடெக்டர் மாட்டலாம், ஆனால் அதன் பச்சை ஒயரைக் குட்டையாக, நேராக அந்தந்தக் கட்டட எர்த்தில் இணைத்தால்தான் வேலை செய்யும். எர்த் கொடுக்காமல் மாட்டிய புரொடெக்டர் வெறும் கப்ளர். ஷீல்டு (உள்ளே உலோக உறை) உள்ள கேபிள் என்றால் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

இந்த இடத்தில் சரியான வழி ஃபைபர், அதாவது ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழைக் கேபிள். கண்ணாடியில் மின்னல் ஓடாது. பழைய கேபிள் பைப்புக்குள் தளர்வாக நகர்ந்தால் அதையே இழுவைக் கயிறாக வைத்து, ஃபைபர் ட்ராப் கேபிளையும் (வீடுகளுக்கு இழுக்கும் மெல்லிய ஃபைபர் கேபிள்) ஒரு புதுக் கயிற்றையும் சேர்த்துக் கட்டி உள்ளே இழுத்துவிடலாம். நகரவில்லையென்றால் பலம் போட்டு அறுக்காதீர்கள், கயிறும் போய்விடும். ட்ராப் கேபிளின் ஓரத்தில் எஃகுத் தாங்குகம்பி இருந்தால் கட்டடத்துக்கு வெளியிலேயே வெட்டிவிடுங்கள். உள்ளே உள்ள வலுக்கம்பிகளும் எஃகாக இல்லாமல் எஃப்ஆர்பி (கண்ணாடியிழை பிளாஸ்டிக்) இழையாக இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். எஃகு இருந்தால் ஃபைபர் போட்டதன் பயனே போய்விடும். இரு முனையிலும், ஒளியையும் மின்சிக்னலையும் ஒன்றுக்கொன்று மாற்றும் ஒரு மீடியா கன்வெர்ட்டர் வேண்டும். ஒற்றை இழையில் ஓடும் வகை ‘ஏ’, ‘பி’ என்று ஜோடியாக வரும்: ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-இல் வாங்கும், மற்றது நேர்மாறு. இரண்டு ‘ஏ’ வாங்கி வந்தால் விளக்கே எரியாது. கனெக்டரின் நிறமும் முக்கியம். இணைய நிறுவனத்தின் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் பச்சை. மீடியா கன்வெர்ட்டர்களில் வழக்கமாக நீலம். பச்சையை நீலத்தில் சொருகினால் உள்ளே போகும், முகங்கள் சாய்வு மாறி ஒளி இழப்பாகும். முனைகளை ஸ்ப்ளைஸ் செய்ய (உருக்கி ஒட்ட) மெஷின் வைத்திருப்பவரைக் கூப்பிட வேண்டும். உங்கள் ஊர் கேபிள் டிவிக்காரரிடமே இருக்கக்கூடும். ஃபைபரின் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கக் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும். ஃபைபரில் பிஓஇ வராது என்பதால் கொட்டகைக்கு அங்கேயே மின்சாரம் வேண்டும்.

கரண்ட் ஒயர் வழியாகவே இணையம் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் பற்றியும் கேட்கிறார்கள். ஒரே மீட்டர், ஒரே ஃபேஸ் என்றால் ஏதோ ஓடும். மூன்று ஃபேஸ் வீட்டில் ஃபேஸ் மாற்றும் சுவிட்சைத் திருப்பியதும் நின்றுவிடும். தனி இணைப்பு உள்ள கொட்டகைக்குப் போகவே போகாது. கொட்டகை சாலைக்கு அப்பால் என்றால் பொதுச் சாலையைக் கடந்து நம் கேபிளைக் கட்ட நமக்கு உரிமை இல்லை. நேர்ப்பார்வை இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புற ரேடியோ ஜோடி வைக்கலாம், நடுவில் தென்னை ஓலை ஆடாமல் இருக்க வேண்டும். பின்கட்டு அறையை வாடகைக்கு விட்டிருந்தால் குடியிருப்பவர் தன் பெயரில் தனி இணைப்பு எடுப்பதே முறை. உங்கள் இணைப்பில் அவர் செய்வதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரும். தங்கள் பதிலில் சொன்ன தனி இணைப்பு இங்கே மட்டும் சரி.

கேமரா மாட்டிக்கொள்ளும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பில்லில் கேபிளின் மேல் அச்சடித்த ரகத்தையும், செம்பா பூச்சா என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எட்டுக் கம்பியும் பிளக்கில் ஏற வேண்டும் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். கேமரா, என்விஆர் இரண்டின் பாஸ்வேர்டையும் பணம் கொடுப்பதற்கு முன் வாங்கி, அவர் இருக்கும்போதே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
நெட்வொர்க் கேபிளிங் வேலை செய்வோர் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.